சாந்தி அக்காவின் சீனப் பெயர்

மழைவிட்ட காலைகளில், முற்றத்துக் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாசனையோடு சாந்தி அக்காவின் குரலும் சேர்ந்து வரும்: "மா, மா, மா, மா." ஒருமுறை நீட்டி, ஒருமுறை மேலே ஏற்றி, ஒருமுறை பள்ளத்தில் இறக்கி எடுத்து, ஒருமுறை வெட்டி நிறுத்தி, நான்கு விதமாகச் சொன்னால் நான்கு பொருள் தரும் அந்தச் சீனச் சொல்லை அவள் விடாமல் பழகிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு ராஜம் மாமி வேலியோரம் வந்து, "மக்கா, உங்க வீட்டுல ஆட்டுக்குட்டி வாங்கினியளோ?" என்று என்னிடம் கேட்டதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்; வந்த சிரிப்பு நிற்காது.

பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்குகிற ஊர் எங்களுடையது. என்னைவிட ஆறு வயது மூத்த அக்காவுக்கு இங்கே மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை, சீனாவில் கிடைத்தது. போவதற்குமுன் மொழி கொஞ்சம் தெரியட்டும் என்று கைபேசி வழியாக ஒரு வகுப்பில் சேர்ந்திருந்தாள். எல்லாரும் ஆளுக்கொரு சீனப் பெயர் தேர்ந்துகொண்டு வர வேண்டும், குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஒருநாள் ஆசிரியை சொல்லிவிட்டார்.

எட்டாம் வகுப்பில் இருந்த எனக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. எங்கள் ஊரிலும் ஆளைச் சொல்லும்போது வீட்டுப்பெயர்தானே முதலில்? நாங்கள் "காட்டுவிளை"க்காரர்கள். காட்டுக்குச் சீனத்தில் "லின்" என்றும், சாந்திக்கு "ஆன்" என்றும் அக்கா தேடிக் கண்டுபிடித்தாள். நான் "லின் ஆன்! லின் ஆன்!" என்று கத்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியபோது, ரப்பர் வெட்டிவிட்டு வந்த அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு கெட்டுக்கு உனக்க காதுல நான் சொன்ன பேரு ஆக்கும் சாந்தி. அது அவியளுக்கு வாயில வராதோ?"

"உள்ள பேரு எங்கயும் போவாதுப்பா. இது அங்க விளிக்கதுக்கு மட்டும்."

பிறந்த இருபத்தெட்டாம் நாளில் தான் சூட்டிய பெயரை மகள் கழற்றி வைக்கிறாள் என்றுதான் அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டே, "சாந்திக்க அர்த்தம் அதுல உண்டுமா?" என்று கேட்டார். "உண்டு, ஆன் என்னா சாந்திதான்" என்று அக்கா நோட்டில் அந்த எழுத்தை எழுதிக் காட்டினாள். மேலே ஒரு கூரை, கூரைக்குக் கீழே ஒரு பெண். அப்படித்தான் அந்த எழுத்து. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள இருக்க பெண்ணு. நீ வீட்ட விட்டுல்லா போற?"

அக்கா நோட்டை மூடினாள். அப்பா எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "செரி, அது இருக்கட்டும்" என்றார்.

அவள் போய் இரண்டாம் வருடம் கொரோனா வந்தது. தேர்வுக்காக விடுமுறையிலும் அங்கேயே தங்கிவிட்டவளுக்கு, பிறகு வர விமானம் இல்லை. அந்த மழைக்காலத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரப்பர் மரத்து மூட்டிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துபோனார்.

அப்பாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். என் கை நடுங்க நடுங்க அக்காவுக்குப் படமும் நடுங்கியது. "மக்கா, கை ஆட்டாத. எனக்கு அப்பாவப் பாக்கணும்" என்று அவள் கெஞ்சினாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்பாவை எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தில், அங்கே யாரோ கதவைத் தட்டும் ஓசை கேட்டது. கூடவே ஒரு பெண் குரல்: "லின் ஆன்! லின் ஆன்!"

கதவு திறந்தது. நீல மேலங்கியும் முகக்கவசமும் அணிந்த வயதான ஒரு பெண், அந்த விடுதியைப் பெருக்கித் துடைப்பவர், உள்ளே வந்தார். யாரும் யாரையும் தொடக்கூடாத காலம் அது. அவர் அக்காவின் அருகில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எனக்குப் புரியாத மொழியில் ஏதேதோ சொன்னார். அதில் "லின் ஆன்" மட்டும் எனக்குப் புரிந்தது. அம்மா கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, அந்த முகம் தெரியாத பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அக்கா படிப்பை முடித்து வந்து, வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தேர்வையும் மூன்றாம் முறை எழுதி வென்று, இப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள். "சாந்தி டாக்டர்" என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அப்பா ரப்பர் வெட்டிய தோட்டத்தில் பாதியை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். சீனாவில் எல்லாரோடும் பேச அக்கா வைத்திருந்த செயலி, இங்கே தடை என்பதால், வந்ததும் வேலை செய்யவில்லை. விடுதியில் அவளைத் தேற்றிய அந்தப் பெண்ணோடு பேச வேறு வழியும் இல்லை.

சென்ற மாதம், அவருக்கு ஒரு கடிதமாவது போடலாமே, பெயரும் விடுதியின் முகவரியும் இருந்தால் போதுமே என்றேன். அக்கா ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க அவியள எல்லாரும் 'ஆயி'ன்னுதான் விளிப்பாவ, நம்ம சித்தி மாதிரி. நானும் அப்படியேதான் விளிச்சேன்" என்றாள். பையை இழுத்து மூடிவிட்டு, "அவியளுக்க பேரு என்னன்னு நான் ஒருநாளும் கேக்கல மக்கா" என்றாள்.