மாளிகைப் பள்ளியைக் கழுவிய கதை

போன சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளி நடுத்தெருவுக்கு வந்திருக்கும்... மயிரிழையில் தப்பினோம்!

லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நாங்கள் வகுப்பு நடத்தும் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விக்டோரியா மகாராணி காலத்தில் யாரோ ஒரு பணக்காரர் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. இப்போது வார நாட்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடம், சனிக்கிழமைகளில் எங்களுடையது. வாசல் கதவில் கலர் கலராகக் கண்ணாடி. கூரை நடுவில் சுண்ணச் சாந்தில் செய்த பெரிய பூ — அதன் வயிற்றில் ஒரு டியூப் லைட்! குளிர்காயக் கட்டிய பளிங்கு அடுப்பை அடைத்து, அதற்கு மேல் கரும்பலகை. வீட்டு எஜமானி படுத்துறங்கிய அறையில்தான் நான் உயிரெழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். எவ்வளவு உயரக் கூரை! பிள்ளைகள் ‘ஆ’ என்று கத்தினால், அது மேலே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கும்.

சத்தம், சாம்பார் வாசம் என்று சொல்லி ஏற்கெனவே இரண்டு மண்டபங்களிலிருந்து எங்களை அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் ஆங்கிலப் பள்ளியின் தலைமை ஆசிரியை, “இந்தப் பள்ளித் தவணை முடியட்டும், பார்ப்போம்” என்றுதான் சாவி தந்தார். கண்டிப்பான அம்மணி. சனிக்கிழமையும் நிலவறையிலுள்ள தன் அலுவலகத்தில் வேலையாக இருப்பார்.

வருகிற ஞாயிறு சரஸ்வதி பூசை. சின்னதுகளுக்கு ஏடு தொடக்கி, முதலெழுத்து எழுதுவிக்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் எங்கள் தலைவர் சிவம் அண்ணை முன்மண்டபத்தில் நின்று முகத்தைச் சுளித்தார்.

“கழுவாத நிலத்தில பூசையோ? என்னால ஏலாது!”

“மொப்பால துடைச்சாப் போதாதோ, அண்ணை?” என்றேன்.

“மொப் ஊத்தையை அங்கால இங்கால இழுக்கும், பிள்ளை. தண்ணி ஊத்திக் கழுவ வேணும்!”

சொன்னாரோ இல்லையோ, ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டார். அடுத்தது... அதற்கடுத்தது... சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாங்களும் சோப்புத் தூளோடு இறங்கினோம். ஊர் வீட்டில் கழுவினால் தண்ணீர் முற்றத்துக்கு ஓடும். லண்டன் வீட்டில் எங்கே ஓடும்? ஒருவருக்காவது அந்த யோசனை வரவேண்டாமா!

அப்போதுதான் என் சிநேகிதி ராணி கத்தினாள்: “ஐயோ, இஞ்ச ஓடி வாங்கோ!”

ஓடினேன். கறுப்பு நிலம் என்று நாங்கள் நினைத்தது கறுப்பே இல்லை! அவள் தேய்த்த இடத்தில் சிவப்பு, நீலம், சந்தன நிறம்... சின்னச் சின்ன ஓடுகளில் அச்சு அசல் கோலம்! எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தேய், தேய் என்று வாசல்வரை தேய்த்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை நிலவறைப் படியேறி வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எங்கள் தண்ணீர்!

இவ்வளவு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இனி எந்தக் கதவைத் தட்டுவது?

“சொறி மேடம், சொறி மேடம்” என்று மன்னிப்புக் கேட்டபடி சிவம் அண்ணை வாளியோடு பின்வாங்கினார். அம்மணி அவரைப் பார்க்கவேயில்லை. நிலத்தைப் பார்த்தார்.

“இது எங்கேயிருந்து வந்தது?”

“இங்கேயேதான் இருந்தது, மேடம்” என்றேன்.

அந்த ஈரத்திலேயே முழங்காலிட்டு, கோல ஓடு ஒன்றை விரலால் தடவினார். எத்தனை வருடம் இதன்மேல் நடந்திருப்பார், பாவம்! எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், ஏன் ஒளிக்க வேண்டும்?

“என் மேசையெல்லாம் நனைந்துவிட்டது” என்றார் கண்டிப்பாக. பிறகு, “தவணைக் கதையை மறந்துவிடுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். பூசைக்கு நானும் வரலாமா?”

எங்கள் ஆட்கள் அப்படித்தான். எந்த நாட்டுக்குப் போனாலும், ஒருமுறை கழுவிப் பார்த்தால்தான் அது எங்கள் இடம் என்று மனம் ஒப்பும்.

ஞாயிறு பத்து மணிக்குப் பூசை. குடும்பத்தோடு வாருங்கள் — வாளி மட்டும் வேண்டாம்!