மார்கழி லென்ஸும் கரைவெட்டி வாத்துகளும்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால்தான் நான் வாத்துகளைப் படம் எடுக்கிறேன்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரம்பலூரில் என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் படம். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே மேடையில் தாலி முடிச்சை எடுக்க அவரிடம் ஒரு பெரிய ஜூம் லென்ஸ் இருக்கிறது. வருடம் முழுவதும் அதைத் தொட விடமாட்டார். மார்கழி பிறந்துவிட்டால் முகூர்த்தம் இல்லை, லென்ஸ் பீரோவில் சும்மா கிடக்கும். அதே மார்கழியில்தான் வடக்கேயிருந்து வாத்துகளும் நம் ஏரிகளுக்கு வந்து இறங்கியிருக்கும். எனக்காகவே யாரோ நாள் பார்த்துக் கொடுத்த மாதிரி. மூன்று வருடமாக அந்த ஒரு மாதம் மட்டும் லென்ஸ் என்னுடையது.

இந்த வருடம் சிக்கல். நான் பிளஸ் டூ. "பப்ளிக் முடியறவரைக்கும் கேமராவத் தொடக்கூடாது. தொட்டன்னு தெரிஞ்சுது, அதோட சரி. அப்புறம் எப்பவுமே கிடையாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் நூறு பேரைச் சமாளிக்கிறவர், வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொல்வார்.

ராத்திரியில் போனையும் தொடக்கூடாது. அதனால் இதை எல்லோரும் படுத்த பிறகு, போர்வைக்குள் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் பெயரோ பள்ளியின் பெயரோ இதில் இருக்காது. அப்பா இருமினால்கூட கை நின்றுவிடுகிறது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கீழப்பழுவூரில் ஒரு வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டியிருந்தது. கார்த்திகையில் நடந்த கல்யாணம். ஆல்பம் கனமானது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு என்னை அழைத்துப் போனார். அது உண்மைதான். ஆல்பத்துக்கு அடியில் கேமராவும் லென்ஸும் வைத்த பை இருந்தது என்பதை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. கீழப்பழுவூரிலிருந்து கரைவெட்டி ஏரி பக்கம்தான்.

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினோம். தெருவில் அப்போதே பெண்கள் வாசல் தெளித்து, கோலத்துக்கு நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்தார்கள். ஊர் தாண்டியதும் பனி. அரியலூரை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்தன. பனியும் அந்தத் தூசியும் சேர்ந்தால் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். இந்த வழியாக பைக்கில் வருகிறவர்கள் விடியற்காலையில் முப்பதுக்கு மேல் போகாதீர்கள். கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள். நான் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பெண் மேல் தூசி படாமல் கொண்டு போனேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர், அங்கிருந்து கீழப்பழுவூர், அப்புறம் கிராமத்துச் சாலை. எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஆறரைக்கு ஏரிக்கரையில் இருந்தோம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கரையில் ஏறியதும் ஏமாற்றமாக இருக்கும். தண்ணீர் பெரிது, வாத்துகள் தூரத்தில் மிளகு தூவின மாதிரி கிடக்கும். பார்வைக் கோபுரத்தில் ஏறினால் நிறையத் தெரியும், ஆனால் படத்துக்கு ஆகாது. மண்டபத்துக்கு வாங்கின லென்ஸ் மேடை வரைக்கும்தான் எட்டும். அதனால் நாம் அவற்றிடம் போக முடியாது, அவைதான் நம்மிடம் வர வேண்டும்.

அதற்கு ஒரே வழி படுத்துக்கொள்வது. கரையின் சரிவில், கருவேல மரத்து நிழலில், சேற்றோடு சேர்ந்து குப்புறப் படுத்தேன். மாமா ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தார்.

"ஏய், இதெல்லாம் எப்ப வரும்?"

"தெரியாது மாமா."

"ஐயரு வர்றதுக்கே இவ்வளவு நேரம் நின்னதில்ல நான். டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் போனதும் ஏரியின் சத்தம் மட்டும் மிச்சம். முழங்கை மரத்துப்போனது. எறும்பு ஒன்று கழுத்தில் ஏறியது, விட்டுவிட்டேன். அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். நீலச்சிறகி என்கிற சின்ன வாத்து ஒரு ஜோடி முதலில் வந்தது. அப்புறம் கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரி அலகை வைத்துக்கொண்டு தட்டைவாயன்கள். அப்புறம் ஊசிவால் வாத்துகள். இவை தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேயும். சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டம்.

ஓர் ஆண் ஊசிவால் மட்டும் மேயவில்லை. அலகை முதுகில் சொருகிக்கொண்டு மிதந்தபடியே தூங்கியது. லென்ஸில் பார்த்தால் ஒரு கண் மூடியிருக்கிறது, என் பக்கத்துக் கண் திறந்திருக்கிறது. வாத்து பாதித் தூக்கம்தான் தூங்குமாம். வீட்டில் நான் படிக்கும்போது ஒரு காதை வாசலில் வைத்திருப்பேன், அந்த மாதிரி. ஆனால் அன்றைக்கு அந்தக் கரையில் நான் எதற்கும் காது வைக்கவில்லை. கல்யாண வீட்டில் மாமாவுக்கு உதவப் போனால் "அடுத்தது உனக்குத்தான்" என்று யாராவது கன்னத்தைக் கிள்ளுவார்கள். பள்ளியில் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்பார்கள். வாத்து எதுவும் கேட்பதில்லை. அசையாமல் இருந்தால் போதும் அதற்கு. அது என்னால் முடிகிற காரியம்.

பிறகுதான் நான் எதற்காக வந்தேனோ அது வந்தது. வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கும். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. மூன்று மார்கழியாகத் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். வயல் பக்கமிருந்து ஏழெட்டு நடந்தே வந்து, எனக்கு எதிரே தண்ணீர் ஓரத்தில் நின்றன. மேடை தூரம். எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. திரும்பட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மாமா டீ குடித்துவிட்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்கும் ஒரு பன் வாங்கி வந்திருந்தார். அவரும் லென்ஸ் போகிற திசையைப் பார்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குடும்பமே நிற்கிறது. இருபது வருடப் பழக்கம், கை தானாகவே எழுந்திருக்க வேண்டும்.

பட்! பட்! பட்! மூன்று கைதட்டு. "இந்தப் பக்கம் பாருங்க!"

ஏரி முழுவதும் எழுந்தது. மிளகு எல்லாம் வானத்தில். இறக்கைச் சத்தத்தில் பக்கத்து மரத்துக் கொக்குகளும் கிளம்பின. நான் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். சத்தம் அடங்கியபோது எதிரே வெறும் தண்ணீர்.

"திரும்புச்சா?" என்றார் மாமா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, பன்னை நீட்டினார். சாப்பிட்டேன். கோபம் பன் முடிகிறவரைக்கும்தான் இருந்தது.

ஆல்பம் கொடுத்த வீட்டில் காபி கொடுத்தார்கள். என் முழங்காலில் காய்ந்திருந்த சேற்றை யாரும் கேட்கவில்லை. கீழப்பழுவூரை விட்டுக் கிளம்பியதும் பைக் பஞ்சர். கடை திறக்க மதியம் ஆகும் என்றார்கள். படங்களை நான் போட்டுப் பார்க்கட்டும் என்று மாமா கேமரா பையையும் என்னிடமே கொடுத்து, அரியலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அரியலூரில் பெரம்பலூர் பஸ் மாறினேன். டிக்கெட் போட வந்த கண்டக்டரைப் பார்த்ததும் பையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டேன். அப்பாவோடு டிப்போவில் வேலை பார்க்கிறவர். பொங்கலுக்கு வீட்டுக்கு வருவார்.

"அட, நம்ம பாப்பா! தனியாவா வர்ற?"

"அங்கிள், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"எதைம்மா?"

அவர் எதையும் பார்த்திருக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் சேற்றையும் பையையும் பார்த்தார். பெரம்பலூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். இனி எனக்கு மார்கழியே கிடையாது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் டூட்டி முடிந்து வந்த அப்பா, சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, "ஆல்பம் குடுக்கப் போன எடத்துல எதுக்கு முழங்கால் வரைக்கும் சேறு?" என்றார்.

"தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

"அந்தக் கேமராவ எடுத்துட்டு வா."

கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா ஒவ்வொரு படமாகத் தள்ளினார். தூங்கும் வாத்தில் கொஞ்சம் நின்றார். அதற்கப்புறம் முழுக்க மாமா கைதட்டினதற்குப் பிந்தைய படங்கள். வால், வால், வால், கால், மறுபடி வால்.

"ஏன் எல்லாம் பொச்சக் காட்டிக்கிட்டே போவுது?"

"மாமா கைதட்டிட்டாருப்பா. இந்தப் பக்கம் பாருங்கன்னு."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். "வாத்துகிட்டயா? ஏய், உன் தம்பி வாத்தச் சிரிக்கச் சொல்லியிருக்கான்டி!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவும் ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது. "எங்கிட்ட மறைச்சுட்டுப் போனது தப்பு. லாரி ஓடுற ரோட்ல, பனியில, அவன் பைக்ல போனது அதவிடத் தப்பு. சொல்லிட்டேன்." நான் தலையாட்டினேன். கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அதோடு சரி என்றுதான் நினைத்தேன்.

"தை பொறக்கறதுக்கு இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்குல்ல? உங்க மாமன் வேண்டாம். நான் வரேன். பஸ்லயே போவோம். ரிவிஷன்ல மார்க் கொறஞ்சா லென்சு அவன் பீரோவுக்கே போயிடும், ஆமா."

இனி உங்களுக்கு. பைக் இல்லாதவர்கள் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து, கீழப்பழுவூர் பஸ் பிடியுங்கள். அங்கிருந்து ஏரிக்கு ஆட்டோவிடம் போக வர முந்நூறு ரூபாய்க்குப் பேசலாம் என்று ஆல்பம் வாங்கிய வீட்டில் சொன்னார்கள். திரும்புகிற நேரத்தையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையிலேயே இருக்கட்டும். வெள்ளை, சிவப்பு உடுத்த வேண்டாம், பழைய பச்சைச் சுடிதார் நல்லது. ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் கடுமையாகிவிடும். விலை உயர்ந்த லென்ஸ் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், படுக்கத் தெரிந்தால் போதும். போகும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள். எப்படியும் பஸ்ஸில் யாராவது இருப்பார்கள்.

கடைசியாக, கூட வருகிறவரின் தொழில் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இன்று சாயங்காலம் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "அப்பா, நீங்க அங்க வந்து..." என்று இழுத்தேன். முடிக்கவில்லை. அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து, விசிலை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

"அன்னிக்கு இது இங்கயே இருக்கும். நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன், போதுமா?"