மீன்காரி சொல்லாத பேர்

என் அண்ணியைப் பிடித்த சனியன் ஓர் இங்கிலீஷ் நாவல். அவளுடைய தம்பி மெட்ராஸில் வாங்கி வந்து கொடுத்தது. அதில் கல்யாணமாகாத ஒரு வெள்ளைக்காரக் கிழவி, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, போலீஸ் திணறும் கொலையைக் கண்டுபிடிப்பாள். கடைசியில் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துக் குற்றவாளியைச் சொல்வாள். அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் வீட்டில் சர்க்கரை குறைந்தால்கூட விசாரணைதான். சமையல்காரம்மா அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடை. அண்ணன் செங்கல்பட்டில் வக்கீல். கோர்ட்டு லீவுக்கு மகாபலிபுரத்தில் கடலோரமாக ஒரு மாடி வீடு எடுத்திருந்தோம். அண்ணியின் தம்பியும் கூட வந்திருந்தான். கிணற்றடியில் குளிக்கும்போது அண்ணி கழற்றி வைத்த வைர மூக்குத்தி காணாமல் போனது. அவளுக்கு அழுகையே வரவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம், சத்தியமாகச் சொல்கிறேன்.

அன்று கொல்லைப்பக்கம் வந்துபோனவள் மீன்காரி ஒருத்திதான். மறுநாள் அவளைக் கூடத்தின் நடுவில் நிற்கவைத்தாள் அண்ணி. நாங்களெல்லாம் சுற்றி நாற்காலியில். தம்பிக்காரன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எடுத்தது யாருன்னு பாத்தியா?"

"பாத்தேம்மா."

"பேரைச் சொல்லு."

மீன்காரி தம்பிக்காரனைப் பார்த்தாள். உடனே தலையைக் குனிந்துகொண்டாள். "அது என் வாயால வராதும்மா. எங்க வூட்டுக்காரு பேரு."

"முடிஞ்சுது!" என்று கைதட்டினாள் அண்ணி. "புருஷன்தான் திருடன். சொந்த வாயாலேயே சொல்லிட்டா."

"ஐயோ, அவுரு இல்லம்மா! பேருதான் அவுரு பேரு. எடுத்தது இதோ குந்திகினு கீறாரே, உங்க தம்பி!"

"பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் என் தம்பி மேலேயே திருப்புறா. புத்தகத்துல அப்படியே இருக்கு."

அடிப்பாவி! புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பொம்பளைகள் வாயைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணிக்குத் தெரியாதா? அவளே அண்ணனை 'இந்தாங்க' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. யாராவது அண்ணன் பேரைக் கேட்டால் என்னைத்தான் சொல்லச் சொல்வாள்.

"அவ புருஷன் பேரு என்னன்னு யாரையாவது கேளுங்க அண்ணி," என்றேன்.

"மீன்காரன் பேரு எதுக்கு? நீ சும்மா இரு, வந்துட்டா பெரிசா."

அண்ணன் பேப்பரை இறக்கவே இல்லை. கோர்ட்டில் சாட்சிகளைக் குடைந்து எடுக்கிற மனுஷர், வீட்டில் வாய் திறக்கமாட்டார்.

கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த மீன்காரியின் புருஷனைப் போலீஸ் கரையிலிருந்தே இழுத்துப் போனது. அடி என்றால் அப்படியொரு அடி. மூக்குத்தி கிடைக்காததால் இன்னும் அடித்தார்கள். வெளியே விட்டபோது ரத்தமாக வாந்தி எடுத்தான் என்று பால்காரர் வந்து சொன்னார். "எல்லாம் நடிப்பு," என்றாள் அண்ணி. கொஞ்ச நாளில் அவன் செத்துப்போனான்.

லீவு முடிந்து நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலையில் மீன்காரி வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. யாரையும் கேட்காமல் நேரே உள்ளே வந்து அண்ணிக்கு எதிரே நின்றாள்.

"அன்னிக்கு பேரு கேட்டியே. இப்ப சொல்றேன், கேட்டுக்க. இனிமே கொறையறதுக்கு அவுருக்கு ஆயுசு இன்னா கீது?"

சொல்லிவிட்டு, தொண்டை கிழிய அந்தப் பேரைக் கத்தினாள். வீடே அதிர்ந்தது.

"யாரு, என்னையா கூப்பிட்டீங்க? இதோ வர்றேன்," என்று மாடியிலிருந்து இறங்கி வந்தான் அண்ணியின் தம்பி.