கழுவப்பட்ட முத்திரை

என் அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதுவும் அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஒட்டியிருந்தது. அவருடைய முதலாம் ஆண்டுத் திதிக்குச் சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பதுளை பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் பழைய கறுப்புவெள்ளைப் படங்களைக் கம்ப்யூட்டரில் கலராக்கித் தருவதாகக் கேள்விப்பட்டு, அந்தப் பத்திரத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தவன் நான். மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதீர்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்கெல்லாம் புத்தி சொன்னவன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கடைக்காரர் பெரிய படத்தை மேசையில் வைத்தார். தேயிலைக் கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த அப்பா, நீலக் கோட்டும் டையும் போட்டு, ரோஜா நிறக் கன்னத்தோடு இருந்தார்.

"எங்கப்பா நல்ல கறுப்புங்க."

"தவறிப்போனவங்கள யாராச்சும் கறுப்பா போடுவாங்களா சேர்? கோட்டு ஃப்ரீ. அதுக்கு காசு எடுக்கல."

பிறகு பத்திரத்தையும் ஒரு சின்ன உறையையும் நீட்டினார். உறைக்குள் அசல் படம் தனியாக இருந்தது.

"இத ஏன் பிரிச்சீங்க?"

"தாள் சுருங்கியிருந்துச்சு. ஸ்கேனர்ல போட்டா ஒரே பளபளப்பு. ஈரப்பஞ்சு வச்சு ஊறவிட்டுக் கழட்டி, படத்த தண்ணியில கழுவிக் காய வச்சேன். எத்தன வருஷம் டார்க்ரூம்ல நின்னவன் நானு, போட்டோ தண்ணிக்குப் பயப்படாது சேர். நெஞ்சுல இருந்த ஊதாக் கறையும் அதோட போயிருச்சு, பாருங்க."

"அது கறை இல்லைங்க. கவர்மெண்டு சீலு."

அவர் முகம் செத்துப்போனது. முத்திரை பாதி படத்திலும் பாதி தாளிலுமாக விழுந்திருந்தது. தாளில் மட்டும் இப்போது ஓர் அரைவட்டம் மிச்சம். ஒட்டித் தருகிறேன் என்றார். ஒட்டியும் தந்தார். அதற்கு மேல் அவரைத் திட்டி என்ன பயன்?

அந்த வருடம்தான் என் மகள் சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த வழி என்பதால் தோட்டத்துப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் போதாது, தாத்தாவின் பத்திரமும் வேண்டும் என்றார்கள். யுத்தம் நடந்ததால் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போடும் காலம். அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளையை இறக்கிக் கொண்டுபோனால் எங்கே போய்த் தேடுவது?

மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்த யாழ்ப்பாணத்து அலுவலர் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை ஆர் ஒட்டினது?"

நடந்ததைச் சொன்னேன்.

"நான் நம்புறன். கொழும்பில இருக்கிறவை ஆளை மாத்தி ஒட்டினது எண்டுதான் எழுதுவினம்."

பதற்றத்தில், பையிலிருந்த கலர்ப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ. இது வேற ஆளெல்லோ!"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அப்ப நான் பரீட்ச எழுத ஏலாதா சேர்?" என்று அவரிடமே கேட்டாள்.

"பள்ளிக்கூடக் கடிதத்தோட எழுதலாம் பிள்ளை. அட்டை எப்ப வரும் எண்டு சொல்லேலாது. கொழும்பில இருக்கிற பிரதியைத் தேடிப் பிடிக்கவேணும்."

பள்ளிக்கூட அதிபர் ஒப்பமிட்ட கடிதத்தோடு பரீட்சை எழுதினாள். அட்டை வர ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை அவளைத் தனியாக எங்கும் விடவில்லை. பண்டாரவளை டியூஷனுக்கும் கூடவே போனேன். ஒருநாள் வழியில் பஸ்ஸை மறித்த சிப்பாய், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளை இறங்கச் சொன்னான். நானும் இறங்கி, என் அட்டையைக் காட்டி, மகள், மகள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிக்கொண்டே நின்றேன். அரைமணி நேரத்துக்குப் பிறகு போகச் சொன்னார்கள். பஸ் போய்விட்டிருந்தது.

"மணி என்னப்பா? கிளாஸ் தொடங்கியிருக்கும்," என்றாள்.

கையைத் தூக்கினேன். நடுக்கத்தில் கடிகார முள் தெரியவில்லை. அவளே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி மணி பார்த்தாள்.