நாங்கள் குழியில் இறங்குவதில்லை

கழிவறைத் தொட்டிக் கழிவை உறிஞ்சி எடுப்பவன் எல்லா வீட்டுக்கும் வேண்டும்; அவன் வந்து போனது மட்டும் பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே பதினாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். என்னைப் போலவே டேங்கர் லாரியும் குழாயுமாக அலையும் சகோதரர்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன்.

என் கூட்டாளி தங்கையன் அண்ணன். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் கெஞ்சினார் என்று தொட்டிக்குள் இறங்கினார். விஷவாயு தாக்கி அப்படியே சரிந்தார். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்துப் போட்டேன். மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கண் திறந்தார். அன்று முதல் எங்களுக்கு ஒரே சட்டம்: குழாய் இறங்கும், நாங்கள் இறங்க மாட்டோம்.

மூடியைக் காணோம்

காரக்கோணம் பக்கம் ஒரு வீடு. மகள் கல்யாணத்துக்காக முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்திருந்தார்கள். கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டார் வீட்டுக்காரர். தொட்டி எங்கே என்று கேட்டேன். ஏதோ நான் ஒளித்து வைத்த மாதிரி என்னையே பார்த்தார்.

கம்பியால் தட்டித் தட்டி ஒரு வழியாக இடத்தைக் கண்டுபிடித்தோம். மூடியின் மேல் கல், கல்லின் மேல் சிமெண்டில் செய்த இரண்டு அன்னப்பறவைகள். அந்த அன்னங்கள் மேல் காட்டிய அக்கறையில் பாதியை அடியில் இருந்த தொட்டி மேல் காட்டியிருக்கலாம். அவற்றைப் பெயர்க்க வேண்டும் என்றதும் மனிதரின் முகம் கறுத்துவிட்டது.

"பறவைய தொடண்டாம். வேற வளி வல்லதும் உண்டாண்ணு பாருங்க."

ஏழு டயப்பர்

ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு பாங்க் ஊழியரின் வீடு. குழாயில் அடைப்பு. தங்கையன் அண்ணன் கொக்கி போட்டு இழுத்தார். குழந்தைக்குக் கட்டும் டயப்பர் வந்தது. ஒன்றல்ல, ஏழு. உள்ளே கைக்குழந்தை அழும் சத்தம் எங்களுக்கே கேட்டது. அது அவர்கள் வீட்டுக் குழாய், அவர்கள் வீட்டுத் தொட்டி. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. வீட்டுக்கார அம்மா ஏழு டயப்பரையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது அடுத்த வீட்டுக்காரிக்க வேலையாக்கும். அவளுக்கும் பிள்ளை உண்டு."

குடிவெள்ளம்

குளத்தூரில் ஒரு சபைக் கமிட்டிக்காரர். அன்று சாயங்காலம் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். மத்தியானமே தொட்டி பொங்கிவிட்டது. நாங்கள் போய் நின்றதும் முதல் வேலையாக லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னார். நாற்றத்தை எந்தத் தார்ப்பாயால் மூடுவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஆரு கேட்டாலும் குடிவெள்ளம் கொண்டு வந்த வண்டிண்ணு சொல்லுங்க, கேட்டியளா?"

இறங்கினால் என்ன?

கமிட்டிக்காரர் வீட்டுத் தொட்டியை வீடு கட்டியதிலிருந்து திறக்கவே இல்லை. அடிக்கசடு இறுகிப்போய்க் குழாயில் ஏறவில்லை. தண்ணீர் அடித்துக் கம்பால் கலக்க வேண்டும், நேரமாகும் என்றேன். கமிட்டிக்காரர் என்னை விட்டுவிட்டுத் தங்கையன் அண்ணனைப் பிடித்தார். "எலே தங்கையா, ரெண்டு நிமிசம் மூச்சப் பிடிச்சிட்டு எறங்கி, மண்வெட்டிய வச்சு எளக்கி விட்டா மதி. ஒரே சபைக்காரம்லா நம்ம."

ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்காரும் அண்ணனைக் கமிட்டிக்காரர் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை. அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டார். "ரெண்டு நிமிசந்தானே சாரே, நீங்களே எறங்குங்க. கயிறு நான் பிடிக்கியேன்" என்றேன். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யோ, நீங்க எறங்கண்டாம்! உள்ள கேஸ் உண்டு, ஆளு செத்துப் போவும்! அதுக்குத்தானே இவியள விளிச்சிருக்கு!"

தங்கையன் அண்ணன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தண்ணீர் அடித்துக் கலக்கி, இரண்டு மணி நேரம் எடுத்து, மேலே நின்றே வேலையை முடித்தோம். ஜெபத்துக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குடிதண்ணீர் வண்டியைச் சுற்றிப் போனார்கள்.

ஆக, சகோதரர்களே, குழிக்குள் இறங்கினால் ஆள் செத்துப்போகும் என்பது வீட்டுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். நாமும் ஆள் என்பதுதான் இன்னும் தெரியவில்லை.