கையெழுத்துப் போடத் தெரியாதவர்

போன மாதம் மஸ்கெலியாவில் என் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். யுத்த காலத்தில் சந்தேகத்தில் பிடிபட்டு, நான்கு வருடம் உள்ளே இருந்து வந்து, இப்போது காலமாகிவிட்ட ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள். அவருடைய வாக்குமூலத்தின் பிரதியை அரசாங்கத்திடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

“மொழிபெயர்ப்பாளர்னு உங்க பேரு இருக்கு சார். எங்கப்பா லயத்துக் குடும்பங்களுக்கெல்லாம் கடுதாசி எழுதிக் குடுத்தவரு. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுன்னு ஏன் எழுதுனீங்க?”

சிங்களம் தெரியும் என்று அன்று பொலிஸில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய அப்பாவின் வலது கை விரல்கள் பேனா பிடிக்க முடியாதபடி வீங்கிக் கிடந்தன. “எழுதப் படிக்கத் தெரியாதவன்னு போடு. இடது பெருவிரல் போதும்,” என்றார் அதிகாரி. தோட்டத்து ஆளுக்கு எழுதத் தெரியாது என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். நானும் லயத்தில் பிறந்தவன்தான். எழுதினேன்.

பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன்.

அவள் அழவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இப்ப சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

என் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் பேனாவை எடுக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது.