கத்தி வைத்த கவிதை

எனிட் குவிக்லிக்கு ஒரே ஒரு ஆசை: தான் எழுதிய கவிதையை ஒரு ஆளாவது முழுசாகப் படிக்க வேண்டும். கல்யாணமான நாள்முதல், பால் கறந்து முடித்த கையோடு அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதித் தள்ளினாள். புருஷன் லெஸ் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"இன்னைக்கு எதப் பத்தி?" என்பான்.

"மழை."

"அத ரேடியோவுலயே சொல்லிருவானே!"

மழையில்லாப் பஞ்சம் போன மறுவருஷம், கூலாமின் ஊர் விவசாயக் கண்காட்சியில் கவிதைக்கும் பரிசு வைத்தார்கள். எனிட் ஓடிப்போய்க் கொடுத்தாள். வந்தது அது ஒன்றுதான். செயலாளர் அதைப் பெயரில்லாமல் தட்டச்சு செய்துவைத்தார். நடுவராக வரவேண்டிய மெல்போர்ன் பேராசிரியரின் கார் ஆட்டு மந்தைக்கு நடுவே மாட்டிக்கொண்டது. கமிட்டிக்காரர்கள் கொஞ்சமாவது யோசித்தார்களா? கேக் நடுவர் ஹேட்ரிக் அம்மாளின் தலையில் கட்டிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே! கத்தியை எடுத்தாள், காகிதத்தை மேலிருந்து கீழாக நட்டநடுவே வெட்டினாள், வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இரண்டாம் பரிசு கொடுத்தாள்.

எனிட் நேரே அவளிடம் போனாள். "ஒண்ணே ஒண்ணுதான வந்துச்சு? அப்ப முதல் பரிசு யாருக்கு?"

"அந்தத் தரத்துக்கு எதுவும் வரலம்மா. ஆனா நடுவுல அமுங்கல, சீரா இருக்கு."

"படிச்சீங்களா இல்லையா?"

"முழுக் கேக்கையும் தின்னுட்டா தீர்ப்பு சொல்றேன்?"

இடது பாதி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வலது பாதி, வழக்கப்படி, வெட்டிய கேக்குகளோடு டீக் கூடாரத்துக்குப் போய்விட்டதாம். அடப்பாவிகளா! எனிட் ஓடினாள்.

அங்கே லெஸ் டீயை ஆறவிட்டு, தட்டில் வந்த துண்டுக் காகிதத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

"எனிட், இதக் கேளேன். 'வற்றிவிட்டது.' 'வந்து நின்றன.' 'திரும்பிப் போகவில்லை.' எது வத்துச்சு? எது வந்து நின்னுச்சு? எந்தக் கிறுக்கன் இப்படிப் பாதியில விட்டான்? மண்டையே வெடிக்குது!"

"மீதி பெட்டியில இருக்கு." எனிட் பெட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

லெஸ் டீயைப் போட்டுவிட்டு ஓடினான். துண்டைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்தான்.

"நம் குட்டை வற்றிவிட்டது. பசுக்கள் சேற்றில் வந்து நின்றன. அவன் அவற்றைச் சுட்ட சத்தம் இந்த வீட்டைவிட்டுத் திரும்பிப் போகவில்லை."

பக்கத்தில் ஹேட்ரிக் அம்மாள் ஒரு பழக்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். லெஸ் தொப்பியைக் கழற்றினான். எனிட்டின் பக்கம் திரும்பினான்.

"அந்தச் சத்தம் எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.